புண் காயத்தான் வேண்டுமா?

“காயம்னா காத்துப் படணும், காஞ்சாத்தான் ஆறும்” - மலைப்பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் காதில் விழுகிற பேச்சு இது. குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கும் இதே கவலை. கவாத்துக் கத்தி பட்ட கணவரின் கையைக் கழுவி, டாக்டர் ஜெல்லி மாதிரி ஏதோ வைத்துக் கட்டினாராம். “ஈரமா இருந்தா சீழ் பிடிக்காதா அக்கா?” என்று கேட்கிறார்.

சுத்தம் செய்த காயத்துக்கு ஈரம் நல்லதுதான், தங்கச்சி. 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றித் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைத் திறந்து விட்டார். சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். மூடியவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது! காய்ந்து பொருக்குத் தட்டினால் புதுத்தோல் அதற்கு அடியில் குடைந்துகொண்டு போக வேண்டும். ஈரத்தில் அந்தச் சிரமம் இல்லை.

அந்த ஜெல்லிக்கு ஹைட்ரோஜெல் என்று பெயர். பார்வைக்கு நம் சைனா கிராஸ்தான், பெரும்பங்கு தண்ணீர். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் இதைத் தயாரிக்கும் விதம் வேடிக்கையானது. பாலிவினைல் ஆல்கஹால் என்ற பொருளைத் தண்ணீரில் கரைத்துத் தட்டில் ஊற்றிக் கதிர்வீச்சில் வைக்கிறார்கள். கரைசல் ஜெல்லியாக இறுகுவதும், கிருமிகள் சாவதும் ஒரே வேலையில் முடிகிறது. கதிர்வீச்சு கட்டில் தங்காது, பயம் வேண்டாம்.

பிரிக்கும்போது துணிக்கட்டு மாதிரி சதையோடு ஒட்டிப் பிய்க்காது. குழந்தை அலறாமலிருப்பதற்கே இதைக் கும்பிடலாம்! கிருமியைத் தடுக்க வெள்ளி சேர்த்த ஜெல்லும் உண்டு. எல்லாக் காயத்துக்கும் அது தேவையில்லை, டாக்டர் சொன்னால் போதும். நீர் அதிகம் வடிகிற புண்ணுக்கு ஹைட்ரோஜெல் ஒத்து வராது. கட்டைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ, நாற்றம், காய்ச்சல் கண்டாலோ சொன்ன தேதி வரை காத்திராமல் டாக்டரிடம் காட்டுங்கள். தடுப்பூசியையும் மறக்க வேண்டாம்.

விலை கட்டுப்படியாகாத இடத்தில் என்ன செய்வது? பம்பாய் வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேஸ்வானி தீக்காயத்துக்கு வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலையே கட்டாக்கினார். 1985-ல் அதைப் பற்றி எழுதவும் செய்தார். ஊட்டிக் கிழங்கு வீட்டில் குவிந்திருக்கிறதே என்று நாமும் ஆரம்பித்துவிடக் கூடாது! அது ஆஸ்பத்திரியில் கிருமி நீக்கிப் பயன்படுத்தியது.

குளிர் ஊரில் வெந்நீரும் குமுட்டி அடுப்பும் ஓய்வதேயில்லை. சுட்டுக்கொண்டால் மஞ்சள், இங்க், பற்பசை எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரைச் சுட்ட இடத்தில் மட்டும் இருபது நிமிஷம் ஓடவிடுங்கள். நம் ஊர்த் தண்ணீர் சில்லென்றிருக்கும். அதனால் குழந்தையின் மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்துங்கள். ஐஸ் வைக்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடுங்கள். காயம் குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதானாலும், முகம், கை, மர்மஸ்தானத்தில் பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.