சீட்டுக்கு அடியில் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால் கார் வைத்திருப்பவர்கள் மூன்று வகையாகப் பிரிகிறார்கள். முதல் வகை, விளக்கின் மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு ஆபீஸ் போகிறவர். இரண்டாவது, மெக்கானிக் சொன்ன சாமானையெல்லாம் வாங்கி மாட்டிவிட்டு, அப்புறமும் எரிகிற விளக்கைப் பார்த்து 'ஏழரைச் சனி' என்கிறவர். மூன்றாவது, டார்ச்சை எடுத்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கிறவர். இந்த மூன்றாவது வகை ரொம்பக் குறைச்சல். தொந்தி ஒரு முக்கிய காரணம்.

இந்த வாரம் அந்தக் குனிகிற சமாசாரம்தான்.

டிரைவர் சீட் முன்னும் பின்னும் நகருகிறதே, அந்தத் தண்டவாளத்தில் சில கார்களில் சின்னதாக ஒரு சாமான் உட்கார்ந்திருக்கும். சீட் பொசிஷன் சென்சார். இதற்கு ஒரே வேலை, கோள் மூட்டுவது. 'டிரைவர் ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்', 'தள்ளி உட்கார்ந்திருக்கிறார்' என்று ஏர்பேக் கம்ப்யூட்டரிடம் ஓதிக்கொண்டே இருக்கும். எல்லா ஆபீஸிலும் மேனேஜர் ரூமுக்கு வெளியே இப்படி ஒருத்தர் உண்டு. வித்தியாசம், கார் ஆசாமி சொல்வதால் உயிர் பிழைக்கும்.

எப்படி? ஏர்பேக் என்பது இலவம்பஞ்சு மெத்தை இல்லை ஸார். ஒரு வினாடியை இருபதாக நறுக்கினால் அதில் ஒரு துண்டுக்குள் வெடித்து விரிகிற பை. தள்ளி உட்கார்ந்தவருக்கு அது மெத்தை. ஸ்டீயரிங்கை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு அது குத்து. அமெரிக்காவில் இதைப் பாடமாகவே படித்தார்கள். பம்பர் நசுங்குவதோடு போயிருக்க வேண்டிய குறைந்த வேக மோதல்களில், 1990-லிருந்து 2008 வரை 290 பேருக்கு மேல் ஏர்பேக் விரிந்த வேகத்திலேயே இறந்துபோனார்கள். அதில் குழந்தைகள் உண்டு, குள்ளமான பெண்கள் உண்டு. பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள், அல்லது ஒழுங்காகப் போடாதவர்கள். இதற்கு நடுவிலேயே 2000-ல் அங்கே விதியை மாற்றினார்கள். 2003 செப்டம்பரிலிருந்து படிப்படியாக, ஆளைப் பார்த்து அடிக்கிற ஏர்பேக்குகள் வந்தன. ஆள் கிட்டே இருந்தால் மெதுவாக விரி, தள்ளி இருந்தால் முழு வேகத்தில் விரி. கிட்டேயா, தள்ளியா என்று சொல்லத்தான் நம் கோள்சொல்லி.

இந்தியாவில் புது மாடல் கார்களுக்கு டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்தும், பக்கத்து சீட்டுக்கு 2021-லிருந்தும் கட்டாயம். சீட் பொசிஷன் சென்சார் எல்லா மாடலிலும் கிடையாது. உங்கள் காரில் உண்டா என்பதை சர்வீஸ் மேனுவல் சொல்லும். இல்லாவிட்டாலும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பெல்ட் கொக்கி, பக்கவாட்டு ஏர்பேக் என்று வேறு ஒயர்கள் பல கார்களில் அதே சீட்டுக்கு அடியில்தான் ஓடுகின்றன. கோளாறைத் துப்பறிகிற முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த சென்சார் பேசுகிற பாஷை ரொம்ப சுலபம். பல கார்களில் இதற்கு இரண்டே ஒயர். உள்ளே இருப்பது, எட்வின் ஹால் 1879-ல் கண்டுபிடித்த காந்த விளைவில் வேலை செய்கிற ஒரு சில்லு. சீட் நகரும்போது ஒரு இரும்புத் தகடு அதன் வாய்க்குள் நுழையும், அல்லது வெளியே வரும். அதற்கேற்ப ஓடுகிற கரன்ட் மாறும். ஒரு நிலையில் சுமார் 5 மில்லி ஆம்பியர், இன்னொன்றில் சுமார் 15. கவனியுங்கள், எந்த பதிலும் பூஜ்யம் இல்லை. இதில்தான் டிசைன் செய்தவரின் மூளை இருக்கிறது. அட்டென்டன்ஸ் எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்று ஏதாவது ஒரு குரல் வந்தே ஆகவேண்டும். மௌனம் என்றால் ஒயர் அறுந்திருக்கிறது. அளவுக்கு மீறிய சத்தம் என்றால் எங்கேயோ ஷார்ட். இரண்டில் எது நடந்தாலும் விளக்கு எரியும்.

இப்போது ஒர்க்‌ஷாப்புக்கு வருவோம். அங்கே நடக்கிற சம்பாஷணை ஊர் உலகத்துக்கே பொது.

"ஸார், சென்சார் போச்சு. மாத்திரலாம்."

"எப்படிப்பா தெரியும்?"

"கம்ப்யூட்டரே சொல்லுது ஸார்!"

கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லவே இல்லை. 'சீட் பொசிஷன் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு' என்றுதான் சொல்கிறது. சர்க்யூட் என்றால் சென்சார், கப்ளர், ஒயர், ஏர்பேக் கம்ப்யூட்டர் நாலும் சேர்ந்தது. பி.காம். படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். டிரையல் பாலன்ஸ் டேலி ஆகவில்லை, அவ்வளவுதான் சேதி. எந்த வவுச்சர் தப்பு என்று அது சொல்லாது. அதற்காக கேஷியரை மாற்றுவீர்களா?

வவுச்சர் வவுச்சராகப் பார்க்க வேண்டியதுதான். முதலில் ஏர்பேக் கோடைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். மலிவான பல ஸ்கேனர்கள் எஞ்சினோடு நின்றுவிடும். கோடைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இப்போது இருக்கிற கோளாறா, எப்போதோ வந்து போனதா என்றும் பாருங்கள். பிறகு ஸ்கேனரில் லைவ் டேட்டாவை வைத்துக்கொண்டு சீட்டை மெதுவாக முழுத் தூரமும் நகர்த்துங்கள். 'முன்', 'பின்' என்று மாறுகிறதா? ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் உளறுகிறதா? அந்த இடத்தில்தான் ஒயர் நசுங்குகிறது.

அடுத்தது டார்ச். சீட்டுக்கு அடியில் கிடைக்கிற பொருள்களை வைத்து ஒரு குடும்பத்தின் வரலாற்றையே எழுதிவிடலாம். ஐந்து ரூபாய் நாணயம், ஹேர்பின், பாப்பாவின் பொம்மை, மடக்குக் குடை. இதில் எது வேண்டுமானாலும் தண்டவாளத்துக்குள் ஒயரைத் தள்ளியிருக்கலாம், இரும்புத் தகட்டை வளைத்திருக்கலாம். சமீபத்தில் சீட் கவர் மாற்றினீர்களா? கப்ளர் முழுதாக மாட்டாமல் தொங்கும். தண்ணீர் உள்ளே போனதா? பின்களில் பச்சை பூத்திருக்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் நின்ற கார்களுக்கு இந்தப் பச்சை நன்றாகத் தெரியும்.

கையை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மேனுவல் சொல்கிற நிமிஷங்கள் காத்திருக்க வேண்டும். பேட்டரி போனாலும் ஏர்பேக் யூனிட் கொஞ்ச நேரம் கரன்ட்டைச் சேமித்து வைத்திருக்கும். மஞ்சள் கப்ளரைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். ஏர்பேக் ஒயரில் மல்டிமீட்டரை வைத்தால், மீட்டரின் துளி கரன்ட்டே பையை வெடிக்க வைக்கலாம். இதற்கு மேல் தெரிந்த மெக்கானிக்கின் வேலை. நம் வேலை, அவர் வரிசையாகச் செய்கிறாரா என்று பார்ப்பது.

அவர் சென்சார் பக்கமும் கம்ப்யூட்டர் பக்கமும் கப்ளரைக் கழற்றிவிட்டு, ஒயரை முனைக்கு முனை ஓம் பார்க்க வேண்டும். நல்ல ஒயரில் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். பார்க்கும்போதே ஒயரை ஆட்டினால், உள்ளே அறுந்து வெளியே நல்லவன் வேஷம் போடுவது மாட்டிக்கொள்ளும். எர்த்தோடு ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் சென்சாரையே ஓம் மீட்டரால் அளந்து 'போச்சு' என்று சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே இருப்பது சில்லு. ஓம் கணக்கு அதற்குச் செல்லாது. ஒயர், கப்ளர், தகடு எல்லாம் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் சென்சார் மேல் கேஸ் போட வேண்டும்.

கடைசியாக ஒரு குறுக்கு வழி உண்டு. சிலர் ஒரு ரெசிஸ்டரை வைத்து கம்ப்யூட்டரை ஏமாற்றுவார்கள். இன்னும் சிலர் பல்பையே பிடுங்கிவிடுவார்கள். டேலி ஆகாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு பாலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிற கதை. ரெசிஸ்டர், சீட் எங்கே இருந்தாலும் ஒரே பொய்யைச் சொல்லும். ஐந்தே முக்கால் அடி உயரத்தில் தள்ளி உட்கார்ந்து ஓட்டுகிற உங்களுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லாமல் போகலாம். அதே காரை ஞாயிற்றுக்கிழமை சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு ஓட்டுகிறாரே, நாலே முக்கால் அடி அக்காவோ மனைவியோ, பில் அவர் பெயரில்தான் வரும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். சில வினாடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் ஒரு ஸ்கேலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கின் நடுவிலிருந்து ஓட்டுகிறவர் மார்பெலும்புக்கு 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். வீட்டிலேயே குள்ளமானவரை உட்கார வைத்து அளக்கவும். 'எதுக்கு?' என்று கேட்டால் பதில் சொல்லவும். 'குள்ளம்' என்ற வார்த்தையை மட்டும் தவிர்க்கவும்.