அறை வாடகையும் அரைகுறைக் காப்பீடும்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் துணை நிற்கிறது. அவ்வரம்பைச் சற்றே கடந்தவர்களைப் பற்றியதே இக்கட்டுரை. எட்டயபுரம் வட்டாரத்தின் சிறு கடைக்காரர்கள், தீப்பெட்டி ஆலைக் கணக்கர்கள், சரக்கு வாகன ஓட்டுநர்கள் முதலியோருள் பலர் இவ்வகையினர். தனியார் நிறுவனத்தில் 2 இலட்சம் ரூபாய்க்குக் காப்பீடு எடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று இவர்கள் நம்புகின்றனர்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அண்மையில் செய்தவை பாராட்டத்தக்கவை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 2024-இல் 4 ஆண்டுகளிலிருந்து 3 ஆண்டுகளாகக் குறைந்தது. நீரிழிவோடு வாழ்வோர்க்கு அது பெரும் ஆறுதல். வீடு திரும்பும் நாளில் நிறுவனம் 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் அளிக்க வேண்டும் என்பதும் அவ்வாண்டின் ஆணையே. ஆயினும் சிறு தொகைக் காப்பீட்டாளரை வீழ்த்துவது தாமதத்தைக் காட்டிலும் அறை வாடகை வரம்புதான்.

பல காப்பீடுகளில் நாள் வாடகை, காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதத்துக்கு மேல் ஏற்கப்படுவதில்லை. 2 இலட்சத்துக்கு அது 2,000 ரூபாய். 4,000 ரூபாய் அறையில் தங்கினால், மிகுதி 2,000 ரூபாயைக் கையிலிருந்து செலுத்தினால் போதும் என்றே எவரும் எண்ணுவர். அவ்வாறன்று. வரம்பு வாடகையில் பாதியே என்பதால், அறுவை மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் ஆகிய கட்டணங்களும் பாதியாக வெட்டப்படும். இவை 80,000 ரூபாய் எனில் 40,000 ரூபாய் குடும்பத்தின் தலையில் விழும். காப்பீட்டுத் தொகை மீதமிருந்தாலும் இதே கதிதான்.

மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் இவ்வெட்டு கூடாதென ஆணையம் 2020-இல் விதித்தது. அது பாதி வழியே. உயர்ந்த அறை என்றால் மருத்துவமனைகள் எல்லாக் கட்டணங்களையும் உயர்த்துகின்றன என்பது நிறுவனங்களின் வாதம். அது பொய்யன்று, எங்கள் துறைக்கும் இதில் பங்குண்டு. எனினும் வெட்டு அறை வாடகையோடு நிற்க வேண்டும் என்பதே என் கருத்து. பிரீமியம் சற்று உயரக்கூடும், உயரட்டும். வீடு திரும்பும் நாளில் நகையை அடகு வைத்துத் திரட்டும் பணத்தைவிட, ஆண்டுதோறும் தெரிந்து செலுத்தும் சிறுதொகை தாங்கத்தக்கது.

விதி மாறும்வரை நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. காப்பீட்டின் முக்கிய விவரங்கள் அடங்கிய வாடிக்கையாளர் தகவல் தாளைத் தமிழிலேயே கேட்டுப் பெறலாம். அதிலுள்ள வாடகை வரம்பைச் சேர்க்கைப் பிரிவில் காட்டி, அதற்குள் அடங்கும் அறையையே கேளுங்கள். பொது வார்டில் படுப்பதால் சிகிச்சை குறைந்துவிடாது; மருத்துவரும் மருந்தும் ஒன்றே. வெட்டு முறையற்றதெனத் தோன்றினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்து வடிவில் முறையிடுங்கள். 30 நாள்களில் தீர்வு கிட்டாவிடில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி அணுகலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை.