கலம் சமைக்கக் கற்போம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதுக என மலர்க்குழுவினர் பணித்தபோது, பழைய ஆசிரியர்தம் புகழையும் பந்தாட்ட வெற்றிகளையும் எழுத அன்பர் பலர் முன்வருவர் என எண்ணி, யான் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். விழா நிதியைக் கொண்டு கல்லூரி வாயிலில் ஓர் அலங்கார வளைவு எழுப்பலாம் எனச் சிலர் கருதுவதாக அறிகின்றேன். வளைவு வேண்டா, அந்நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு நம் மாணவர் தம் கையாலேயே ஒரு பாய்க்கலம் சமைக்கட்டும் என்பது என் கருத்து. நகைப்போர் காரணத்தைக் கேட்டபின் நகைக்க.

வாவிக்கரையிற் பிறந்தவர் நாம். 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பினை எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குத் தோணியிலும் பாதையிலும் கடந்த தலைமுறை எம்முடையது. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பெற்றது. நோயாளரைத் துறையிற் கிடத்திக்கொண்டு பாதைக்காகக் காத்திருந்தோரைக் கண்டவன் யான்; ஆதலின் பாலத்தைக் குறைகூறேன். ஆயினும், பாய்விரித்துச் செல்லும் தோணி இன்று காண்டற்கரிய பொருளாயிற்று. மரத்தோணியின் இடத்தைப் பைபர் வள்ளமும் இயந்திரமும் பிடித்துக்கொண்டன. ஆர்க்கிமிடீசின் தத்துவத்தைப் பிழையின்றி எழுதிச் சிறப்புச் சித்தி பெறும் நம் மாணவன், தோணியில் எழுந்து நின்றால் அஃது ஏன் ஆடுகின்றது என்று கேட்டால் விழிக்கின்றான்.

எழுபதுகளில், பரீட்சை முடிந்த விடுமுறையொன்றில், நண்பர் இருவரும் யானுமாகச் சேர்ந்து 18 அடி நீளமுள்ள படகொன்று கட்டத் தொடங்கினோம். இரவு தங்கி, சோறு சமைத்து, மண்டூர் வரை சென்று முருகனை வணங்கி மீளத்தக்கதாய் அஃது அமையவேண்டும் என்பது எம் ஆசை. ஆறு மாதத்தில் கூடு எழுந்தது. ஊரார் வந்து பார்த்து மெச்சினர். வேலை முடிந்ததென்றே எண்ணினோம். கூடு என்பது மொத்த வேலையில் மூன்றிலொரு பங்குகூட ஆகாது என்பதை எமக்கு உரைப்பார் இல்லை. உரைத்த ஒருவரை யாம் செவிமடுக்கவில்லை. அவர் கல்லடியில் வாழ்ந்த முதிய தச்சர். செப்பாணி அறையுங்கள் என்றார். விலை மலிவென்று இரும்பாணி வாங்கினோம். சுக்கானுக்கோ பித்தளைப் பூண். உவர்நீரில் ஈருலோகங்கள் அடுத்திருப்பின் ஒன்று மற்றதைத் தின்னும் என்பதை இரசாயன வகுப்பில் கற்றிருந்தோம். ஆனால் அது பரீட்சைக்கு உரிய செய்தி என்றே கருதியிருந்தோம்! பாயை ஈரத்துடன் மடித்து வைத்தமையால் மாரியில் பூஞ்சணம் பிடித்து இற்றது. இரண்டாம் மாரியில் பலகைகள் நெகிழ்ந்து, படகு கரையிலேயே அமிழ்ந்தது. பிழை முழுதும் எம்முடையதே.

அப்படகை யான் நட்டமாகக் கருதவில்லை. எனினும் அத்தச்சரை எண்ணுந்தோறும் நெஞ்சு உறுத்துகின்றது. அவர் மகன் நம் வகுப்பிலேயே பயின்றான். தந்தையின் அறிவை வாயிலிலே கழற்றி வைத்துவிட்டு அவன் உள்ளே வந்தான்; மீனவர் பிள்ளைகளும் அவ்வாறே வந்தனர். அவ்வாறு வருவதே கல்விக்கு அழகென்று நாமும் எண்ணினோம். உளியைத் தொடுதல் இழிவு, எழுதுகோலைத் தொடுதல் உயர்வு என்ற எண்ணத்தை எந்த ஆசிரியரும் வாய்விட்டுப் போதித்தாரல்லர். ஆயினும் அதனை நன்றாகவே கற்றுக்கொண்டோம்.

பிறர் செய்தமையைக் காண்க. யோசுவா சுலோக்கம் என்னும் கப்பற்றலைவர், நீராவிக் கப்பல் பெருகியதால் தொழிலிழந்து, வயலிற் கிடந்த உளுத்த படகொன்றை 13 மாதத்தில், 553 டொலரும் சில சதமும் செலவிட்டுப் புதுக்கினார். அதிலே தனியராய் 1895 தொடக்கம் 1898 வரை உலகைச் சுற்றிவந்தார். பம்பாய்த் தச்சர்கள் வாய்ச்சியும் வில்துளையியும் கொண்டு தேக்கிற் கட்டிய 32 அடிப் படகே ‘சுகைலி’. அதிலே றொபின் நொக்ஸ் யோன்ஸ்ரன் 1968-69இல் எங்கும் தங்காது உலகை வலம்வந்தார். வழியில் அடிப்பலகை மூட்டுகளில் நீர் கசியவே, நடுக்கடலிற் குதித்து மூழ்கி, பருத்தித் திரியை அடைத்து, மேலே செப்புத் தகடு வைத்து அறைந்து சீர்செய்தார். படகு கட்டப்படுகையில் உடனிருந்து கண்டவர்க்கன்றி அது கைகூடுமோ? கோவாவின் திவார்த் தீவில் அத்தகைய கலத்தை முன்னர்க் கட்டியறியாத ஒருவர் கட்டிய ‘மாதேய்’ என்னும் கலத்திலே, 2009-10இல் திலீப் தோண்டே தனியராய் உலகைச் சுற்றிய முதல் இந்தியரானார். அதே துறையிற் பிறந்த ‘தாரிணி’யில், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி தோழி ஒருவருடன் 2025 மே மாதத்தில் உலகப் பயணத்தை நிறைவுசெய்தார். நம்மவர்க்கும் இது புதிதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டிய ‘அன்னபூரணி’ 1938இல் அமெரிக்கக் கரையை அடைந்ததன்றோ!

உலகைச் சுற்றுமாறு நம் மாணவரை யான் கேட்கவில்லை. நம் வாவி ஆழமற்றது. பாலமீன்மடு முகத்துவாரத்திலோ மணற்றிட்டுப் பருவந்தோறும் இடம்மாறும். ஆழ்ந்த அடிமரம் கொண்ட கலம் இங்கே இரண்டாம் நாளே தரைதட்டும். தட்டையான அடியும், வேண்டும்போது உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய நடுப்பலகையும், தாழ்ந்த பாயும் உடைய 20 அடிப் படகே போதும். படுக்க இரண்டு பலகை, ஓர் அடுப்பு, நன்னீர்க் கலன், விளக்கு, நல்ல நங்கூரம், நீர் இறைக்கும் பம்பி, ஏறுவோர் அனைவர்க்கும் உயிர்காப்பு அங்கி: இவற்றுக்கான பணத்தைப் பலகை வாங்குமுன்னரே ஒதுக்கிவைத்தல் வேண்டும். யாம் இடறியது இங்கேதான்.

பெற்றோர் அஞ்சுவர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் உற்றாரை இழந்த ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் இவர்கள். அவ்வச்சத்தை எள்ளல் தகாது. நீந்தத் தெரியாதவன் படகில் ஏறலாகாது என்பதை முதல் விதியாக்குக. அதனால் நம் பிள்ளைகள் நீச்சல் கற்பரேல் அதுவே பெரும்பயன். கச்சான் காற்று மிகும் நாளிலும் மாரியிலும் படகு கொட்டிலிலேயே கிடக்கட்டும். படிப்புக் கெடும் என்பாருக்கு யான் மறுமொழி கூறப்போவதில்லை. மாலையில் அவர்தம் பிள்ளைகள் கைபேசியுடன் செலவிடும் நேரத்தை அவர்களே கணக்கிடுக.

மரத்தோணி கட்டத் தெரிந்த முதியோர் இருவரை இன்னும் யான் அறிவேன். ஒருவருக்குப் பார்வை மங்கிவருகின்றது. எனினும், பலகையைத் தடவியே அதன் கோணலைச் சொல்கின்றார். மாணவர்க்குக் கற்பிக்க வருவீரா என்று சென்ற மாதம் வினவினேன். “கூப்பிட்டால் வருவேன் தம்பி, இதுவரைக்கும் ஆரும் கூப்பிடல்லியே,” என்றார். கொட்டிலுக்கு விளையாட்டுத் திடலின் வடக்கு மூலை போதுமானது. பலகைக்கென என் பங்கைப் பொருளாளரிடம் சேர்ப்பித்துவிட்டேன். அதனை வளைவுக் கணக்கில் எழுதவேண்டா என்று சீட்டிலும் குறித்துள்ளேன்.