கணக்குக் கொப்பி

அண்மையில் ஓர் இதழில் பதினொரு பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. இதழின் பெயர் இங்கு வேண்டாம், வாசிக்கிறவர்கள் வாசித்திருப்பார்கள். மேலைத் தொலைக்காட்சித் தொடர்களின் எதிர்நாயகன் ஆண்மையையும் அதிகாரத்தையும் உள்ளிருந்தே உடைத்துக் காட்டிவிட்டான், தமிழ்த் தொலைக்காட்சிக்கு அந்தப் பக்குவம் இன்னும் வரவில்லை, இங்கே மாமியாரும் மருமகளும் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்பது அதன் சாரம். பின்பாதியைப் படித்தபோது எரிச்சல் வந்தது. முன்பாதியை யோசிக்க யோசிக்க அந்த எரிச்சல் வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது. டோனி சோப்ரானோ, வோல்ட்டர் வைட், டொன் டிரேப்பர் என்று ஆண்கள் வரிசையாக வருகிறார்கள். அவர்களின் மனப்பிளவு, தந்தைமை, தனிமை எல்லாம் பக்கம் பக்கமாக அலசப்படுகின்றன. அவர்களில் ஒருவனுடைய மனைவியின் பெயர்கூடப் பதினொரு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. மேலாதிக்க ஆண்மையைக் கட்டுடைக்க வந்த கட்டுரை இது.

முதலில் அந்தப் பக்குவம் பற்றிய பேச்சை முடித்துவிடுவோம். சிங்களத்தில் 2017இல் ஐ.ரி.என். அலைவரிசையில் போன 'கூம்பியோ' தொடரின் எதிர்நாயகன் ஜெஹானை இந்தக் கற்பிட்டிக் கரையில் சிங்களம் தெரிந்த எல்லோரும் அறிவார்கள். தமிழில் எதிர்நாயகன் இல்லை என்கிறவர், 2022 பெப்ரவரி முதல் 2024 ஜூன் வரை சன் டிவியில் ஓடிய 'எதிர்நீச்சல்' தொடரை ஒரு வீட்டிலும் எட்டிப் பார்க்கவில்லை போலும். அதில் ஆதி குணசேகரன் வீட்டுக்கு மூத்தவன். தம்பிமாருக்குப் படித்த பெண்களாகத் தேடிக் கட்டிவைக்கிறான். கட்டிவைத்தபின் அந்தப் படிப்பை அடுப்படிக்குள் போட்டுப் பூட்டுகிறான். அவன் கூடத்தில் உட்கார்ந்து பேசுவான். பெண்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள், பிறகு உள்ளே போய்த் தங்களுக்குள் பேசுவார்கள். மாரிமுத்து அந்தப் பாத்திரத்துக்குக் கொண்டுவந்தது வில்லனின் உறுமல் இல்லை, ஒரு சலிப்பு. இந்த வீட்டில் எல்லாம் மடச் சனம், நான் ஒருத்தன்தான் சுமக்கிறேன் என்கிற மூத்த ஆம்பிளையின் சலிப்பு. அதை அறியாத வீடு நம்மிடம் கிடையாது. அதனால்தான் 'இந்தாம்மா ஏய்' என்ற அந்த அதட்டல் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி அதே தொடருக்குப் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து அவர் இறந்தார். பிறகு வேறொருவர் குணசேகரனாக வந்தார். முன்பிருந்த ருசி இல்லை என்று பலர் முகம் சுளித்தார்கள். பெண்களின் எதிர்நீச்சல் என்று தொடங்கிய கதையில் ருசி யாரிடம் இருந்தது என்பது அன்று வெளியே வந்தது.

ஆகவே எதிர்நாயகன் நம்மிடம் உண்டா என்பது கேள்வியே அல்ல. அவன் எதை விமர்சிக்கிறான் என்பதுதான் கேள்வி. நம்முடைய பதில்: அவன் எதையும் விமர்சிப்பதில்லை. விமர்சனம் நடந்தால் அது அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவளால் நடக்கிறது. அவளிடம் கணக்குக் கொப்பி இருக்கிறதா, அதைத் திறந்து வாசிக்கக் கதை இடம் விடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்கக் குற்றவாளி, மதுரைப் பெரிய வீட்டு மூத்தவன் எல்லோருக்கும் பொதுவான வசனம் ஒன்று உண்டு: குடும்பத்துக்காகத்தான். வோல்ட்டர் வைட் தன் தொடரின் இரண்டாம் பருவத் தொடக்கத்தில் வாய்விட்டே கணக்குப் போடுகிறான். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், வீட்டுச் செலவு எல்லாம் கூட்டி 737,000 டொலர். அது கிடைத்தால் போதும். கிடைக்கிறது, தாண்டுகிறது. ஐந்தாம் பருவத்தில் 50 இலட்சம் டொலர் தருகிறோம், விலகிக்கொள் என்கிறார்கள், மாட்டேன் என்கிறான். அவன் மனைவி ஸ்கைலரின் தொழிலே கணக்கெழுதுவது. வாடகை அறை ஒன்றில் கட்டில் அளவுக்குப் பணத்தை அடுக்கி, பூச்சி அரிக்காமல் மருந்தடித்து வைத்திருக்கிறாள். அவனை அங்கே கூட்டிப்போய்க் காட்டி, எவ்வளவு என்று எனக்கே தெரியாது, எண்ண முடியவில்லை, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறாள். ஆண்மையைப் பற்றி அந்தத் தொடர் சொன்னதில் பெரும்பகுதி அந்தக் கேள்வியில் இருக்கிறது. எல்லாம் எனக்காகத்தான் செய்தேன் என்று அவன் ஒத்துக்கொள்ள 2013 செப்டெம்பரில் வந்த கடைசிப் பாகம், அதாவது அறுபத்திரண்டாவது பாகம் வேண்டியிருந்தது. கணக்கெழுதுகிறவளுக்கு அது முன்னமே தெரியும்.

இந்த இடத்தில் கற்பிட்டிக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிக் கடலுக்குப் போகிறவனின் மீனை நிறுப்பதும் விலை சொல்வதும் சம்மாட்டி. வரவு எழுதுவது சம்மாட்டியின் கொப்பியில். உன் குடும்பத்தை நான்தானே பார்க்கிறேன் என்ற வசனமும் அவருடையதே. அந்தக் கொப்பியைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்பது கடனைத் திருப்பிக் கொடுக்காததைவிடப் பெரிய மரியாதைக் கேடு. வீட்டுக்குள் போனால் இன்னும் வினோதம். இந்த மாவட்டத்திலிருந்து எத்தனையோ பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுப் பணிக்குப் போய்க் காசு அனுப்புகிறார்கள். கூரை ஓடும் பிள்ளையின் டியூசன் காசும் அவர்களுடையவை. வீட்டில் கடைசிச் சொல் மட்டும் பழையபடி ஆம்பிளையுடையது. உழைக்கிறவன் சொல் நிற்கும் என்பதுதான் நியாயமென்றால், உழைக்கிறவள் வந்ததும் அந்த நியாயம் எங்கே ஓடி ஒளிந்தது? அதிகாரம் உழைப்பிலிருந்து வருகிறது என்பது எதிர்நாயகனின் மூலப் பொய். அதைக் கண்டுபிடிக்க எந்தத் தளத்துக்கும் சந்தா கட்ட வேண்டியதில்லை. மாதக் கடைசியில் காசு மாற்றும் கடை வாசலில் நின்றால் போதும்.

மறுப்புகள் வரும். தொடர்களே இந்தப் பெண்களைப் படைத்திருக்கின்றனவே, அப்படியானால் விமர்சனம் படைப்புக்குள் இருக்கிறதுதானே என்பார்கள். மெத்தச் சரி. 'சோப்ரானோஸ்' மூன்றாம் பருவத்தில் டோனியின் மனைவி கார்மேலா ஒரு வயதான மனநல மருத்துவரிடம் போகிறாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறு, இது இரத்தப் பணம், எனக்கும் இதில் கூலி வேண்டாம் என்கிறார் அவர். யாரும் சொல்லவில்லை என்று மட்டும் இனி உன்னால் சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொள்கிறார். சில நிமிடக் காட்சி. மருத்துவர் திரும்பி வருவதேயில்லை. கார்மேலாவும் வெளியேறுவதற்குப் பதில் ஒரு சமாதானத்தைத் தேடிக்கொள்கிறாள். அவளுடைய கொப்பியிலும் கறை உண்டு என்பதைத் தொடர் மறைக்கவில்லை. எண்பத்தாறு பாகங்களில் நமக்கு மிகவும் பிடித்த நிமிடங்கள் அவை. ஆனால் படைப்பில் இருப்பது வேறு, படைப்பிலிருந்து நாம் எடுத்துக்கொண்டு போவது வேறு. ஸ்கைலரை இரசிகர்கள் வெறுத்த வெறுப்பு, அந்தப் பாத்திரத்தில் நடித்த அன்னா கன் 2013 ஒகஸ்டில் ஓர் அமெரிக்க நாளேட்டில் அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதும் அளவுக்குப் போனது. கொலைகாரனை மன்னித்தவர்கள் கணக்குக் கேட்டவளை மன்னிக்கவில்லை. அந்தப் பதினொரு பக்கக் கட்டுரையும் அதே வேலையைத்தான் கொஞ்சம் நாகரிகமாகச் செய்திருக்கிறது: வெறுக்கவில்லை, விட்டுவிட்டது.

கெட்டவனைக் காட்டினால் கேடு புரியும் என்பது இன்னொரு வாதம். இது பழைய வாதம். நம் ஊருக்கும் அதற்கும் ஒரு சின்னத் தொடுப்பும் உண்டு. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டி 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலுக்குத் 'தமிழ் புளூட்டாக்' என்று பேர் வைத்தார். இந்த மணல்திட்டில் பிறந்து, அரச உத்தியோகம் பார்த்து, இலங்கை முழுவதற்கும் விவர அகராதியும் எழுதிய மனிதர் கிரேக்க வாழ்க்கை வரலாற்றாசிரியனின் பெயரைக் கடன் வாங்கியதில் இருக்கும் துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் நமக்குப் பெருமைதான். அந்தப் பெருமையில் மூல புளூட்டாக்கைப் புரட்டினால், தெமேத்ரியுசின் வரலாற்றுக்கு முன்னுரையாக அவர் எழுதியது எதிர்நாயகன் பற்றிய முதல் தலையங்கம் போலவே இருக்கிறது. நல்லவர்களை மட்டும் எழுதிக்கொண்டிருந்தவர், இனிக் கெட்டுப்போனவர்களையும் சேர்க்கிறேன் என்று காரணம் சொல்கிறார். ஸ்பார்த்தாக்காரர்கள் தங்கள் அடிமைகளை முட்டமுட்டக் குடிக்கவைத்து, குடியின் இலட்சணம் இதுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டிய கதையை எடுக்கிறார். எடுத்த கையோடு, ஒருவரைத் திருத்த இன்னொருவரைக் கெடுப்பது மனிதத்தன்மை ஆகாது என்றும் எழுதிவிடுகிறார். கட்டுரையாளர்கள் தாண்டிப்போகிற இடம் இது. பாடம் எசமானின் பிள்ளைக்கு, வாந்தி அடிமைக்கு. டோனியின் ஆன்மாவை நாம் அறிந்துகொள்ள அவனுடைய ஆளின் காதலி அத்ரியானா காட்டுக்குள் தவழ்ந்து சாக வேண்டியிருந்தது. வோல்ட்டரைப் புரிந்துகொள்ள அவனுடைய கூட்டாளி ஜெஸ்ஸி கூண்டுக்குள் கிடக்க வேண்டியிருந்தது. பாத்திரத்தின் ஆழம் என்று நாம் சிலாகிப்பது யாருடைய செலவில் தோண்டப்பட்டது என்று கேட்டால், கலையில் அறப்பிரசங்கம் செய்கிறாய் என்கிறார்கள். செலவு எவ்வளவு என்று கேட்பது பிரசங்கமா?

இந்த இடத்தில் நமது பழைய மோகம் ஒன்றையும் விசாரணைக்கு உட்படுத்துவதே நேர்மை. 1960களில் பேராதனையில் வித்தியானந்தன் கூத்தை மீட்டெடுத்த காலத்தில் 'இராவணேசன்' மேடையேறியது. வில்லன் என்று நாம் அறிந்திருந்தவன் துன்பியல் நாயகனாக எழுந்து நின்ற அந்த அனுபவத்தைப் பற்றி நாம் எழுதாத இதழ் இல்லை, இனியும் எழுதுவோம். ஆனால் மட்டக்களப்பு வட்டக்களரியில் சனம் சுற்றிவர உட்கார்ந்திருக்கும். இராவணன் வரவு ஆடி வரும்போது அவனைப் பார்க்கிற கண், அவனுக்கு அப்பால் எதிர்ப்புறம் உட்கார்ந்திருக்கிற கிழவியின் முகத்தையும் பார்க்கும். அவள் வெற்றிலை மென்றுகொண்டிருப்பாள், அல்லது பேரப்பிள்ளையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருப்பாள். அவனுடைய வீரத்துக்கு அதுவே போதுமான உரை. பேராதனை அந்தக் களரியைப் படச்சட்ட மேடைக்கு மாற்றியது. ஆட்டமும் மத்தளமும் செறிவடைந்தன, கிழவி காணாமற்போனாள். தொலைக்காட்சியின் அண்மைக்காட்சி அதற்கு அடுத்த படி: இப்போது அவன் முகம் மட்டும். பிரெக்டை மேற்கோள் காட்டியே வளர்ந்த தலைமுறை நாம், இந்த இழப்பை அன்று கணக்கில் எடுக்கவில்லை. கற்பிட்டியிலிருந்து தெற்கே உடப்பில் பாரதக் கதைக்குக் கோயிலே இருக்கிறது. கோயில் திரௌபதையம்மனுடையது, தீமிதிப்பதும் அவளுக்குத்தான். துரியோதனனின் மனப்போராட்டத்தில் ஆழம் இல்லை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. நிற்கிற இடம் வேறு, அவ்வளவுதான்.

நிற்கிற இடத்தை மாற்றினால் அதே மாரிமுத்து எப்படித் தெரிவார் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் நாயகன் பரியனின் தோழி ஜோவின் தகப்பன் அவர். குணசேகரனைவிடப் படித்த, பண்பான, பேசத் தெரிந்த மனிதர். காலம் மாறலாம், பார்ப்போம் என்று அவர் சொல்ல, நீங்கள் நீங்களாக இருக்கும்வரை எதுவும் மாறாது என்ற பொருளில் பரியன் பதில் சொல்கிறான். படம் முடிகிறபோது அந்தத் தகப்பனின் மனப்பிளவைக் கமரா துருவவில்லை. இரண்டு கிளாஸ் மட்டும் மிஞ்சி நிற்கின்றன: ஒன்றில் பால்தேத்தண்ணி, மற்றதில் பிளேன்ரீ, நடுவில் ஒரு பூ. அவரைப் பற்றி நாம் அறிய வேண்டியதை அவர் குடித்து வைத்த கிளாசுக்குப் பக்கத்தில் நிற்கிற மற்றக் கிளாஸ் சொல்லிவிடுகிறது.

இதெல்லாம் திரைக்கு வெளியே நடப்பதால்தான் இவ்வளவு நீட்டுகிறோம். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் 69 இலட்சம் வாக்குகளை வாங்கியவர் பாதுகாப்பைச் சொல்லித்தான் வாங்கினார். ஏப்ரல் குண்டுகளின் புகை அடங்காத காலம். கறாரான ஆள், கொஞ்சம் கெட்டவர்தான், ஆனால் வேலையைச் செய்து முடிப்பார் என்று அன்று தேநீர்க் கடைகளில் பேசப்பட்டது எதிர்நாயகனின் இலக்கணம் அல்லாமல் வேறென்ன? உங்களுக்காகத்தான் என்ற வசனம் அங்கேயும் இருந்தது. அதன் செலவு, கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்ற உத்தரவாக முஸ்லிம் வீடுகளின் கொப்பியில் முதலில் ஏறியது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றபோது எல்லோருடைய கொப்பியிலும் ஏறியது. 2022 ஜூலை 9ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்து நீச்சல் தடாகத்தில் குதித்தது, கட்டிலில் புரண்டது. நான்கு நாளில் ஆள் மாலைதீவுக்குப் பறந்துவிட்டார். கிராம்சியை நினைவூட்டி நம் நண்பர்கள் எழுதிய ஒப்புதல், மேலாண்மை பற்றிய கட்டுரைகள் நல்லவைதான். ஆனால் அந்த ஒப்புதல் தொலைக்காட்சிக்கு முன்னால் சோறு பிசைந்துகொண்டே கொடுக்கப்படுகிறது என்பதை அவர்களும் கவனித்ததாகத் தெரியவில்லை. கைலாசபதி வீரயுகப் பாடல்களை ஆராய்ந்து காட்டிய பாணனும் புரவலனும் இன்னும் இருக்கிறார்கள். பரிசிலின் வடிவம் மாறியிருக்கிறது; 'சிக்கலான பாத்திரம்' என்பது புதிய பாணனின் பாட்டு. அதைப் பாடித்தான் விமர்சகர் விருந்துக்கு அழைக்கப்படுகிறார்.

கட்டுரையாளர் மறுப்பு எழுதினால் அடுத்த இதழில் ஒரு சொல்லும் வெட்டாமல் போடுவோம், பதினொரு பக்கமானாலும் சரி. ஒரேயொரு நிபந்தனை: அதில் ஸ்கைலரின் பெயரோ, குணசேகரன் வீட்டு மருமகள்களில் ஒருத்தியின் பெயரோ வர வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் நாம் திருத்திக்கொள்கிறோம்.