காழியின் கணக்கில் வராத மகன்

 

என் வாப்பா ஸவூதியிலிருந்து எழுதிய கடிதங்களை உம்மா ஒரு தகரப் பெட்டியில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். எல்லாக் கடிதங்களிலும் ‘இவ்விடம் நலம்’ என்றே இருக்கும். அங்கு அவர்கள் என்ன உண்டார்கள், எதற்காக வருந்தினார்கள் என்பதற்கு ஒரு வரியும் இராது. அதனால்தானோ என்னவோ, இப்னு பதூதாவின் பயண நூலில் மாலத்தீவுப் பகுதியை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பதுண்டு.

தாஞ்சியரில் 1304இல் பிறந்த அவர், 1343இல் அத்தீவுகளை அடைந்தார். அப்போது ஆட்சி செய்தவர் கதீஜா என்னும் பெண்ணரசி. வந்தவரைக் காழியாக அமர்த்திக்கொண்டனர். மனிதர் எதையும் விட்டுவைக்கவில்லை. சோழியே அங்கு நாணயம். மீனை நான்காக அரிந்து, சிறிது வேகவைத்து, புகையில் தொங்கவிட்டு உலர்த்துவார்களாம். (நம் கடற்கரை ஊர்ச் சமையலறைகளில் இருக்கும் மாசியேதான்!) பெரியவர், சிறியவர் எல்லோரும் வெறுங்காலுடன் நடப்பர், வாசலில் நீர்ச்சாடி இருக்கும், கால் கழுவியே உள்ளே நுழைவர். மனைவி கணவனுடன் அமர்ந்து உண்ணும் வழக்கமில்லை. தாம் மணந்தவர்களில் சிலரை மட்டுமே அதற்கு இணங்க வைக்க முடிந்தது என்கிறார்.

தம் சறுக்கல்களையும் அவர் மறைக்கவில்லை. பெண்கள் மேலாடை அணியவேண்டும் எனக் கட்டளையிட்டார். தம் நீதிமன்றத்திற்கு வெளியே அது செல்லவில்லை. திருடன் ஒருவனின் கையைத் துண்டிக்கத் தீர்ப்பளித்தபோது, அவையிலிருந்த சிலர் மயங்கி விழுந்தனர். இவற்றையெல்லாம் விட்டுவிட்டிருந்தால் மொராக்கோவில் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் சொல்ல, இப்னு ஜுஸய் எழுதி, 1355இல் முடிந்த நூல் அது. காலக்கணக்கில் குழப்பங்கள் உண்டு என்று அறிஞர்கள் குறை கூறுவர். இருக்கட்டும்.

1344இல் அங்கிருந்து புறப்பட்டவர், பின்னர் ஒருமுறை திரும்பி வந்தார். கருவுற்ற நிலையில் விட்டுச்சென்ற மனைவிக்குப் பிறந்த மகனுக்கு அப்போது இரண்டு வயது. உடன் அழைத்துச் செல்லும் எண்ணம் இருந்தது. தாய் முறையிட்டாள். குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அங்கேயே வளர்வதுதான் அவனுக்கு நல்லது என்று தோன்றவே, திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐந்தே நாட்களில் கப்பலேறிவிட்டார். இதைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார்.

வாப்பா முதல் விடுமுறையில் வந்து இறங்கியபோது, “இவங்க யாரும்மா?” என்று கேட்டு நான் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேனாம். திரும்பிப் போனபின் வந்த கடிதத்திலும் ‘இவ்விடம் நலம்’ என்றுதான் இருந்தது.