காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்துபோன மார்க்கோ போலோ, தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியிலிருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கின. அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினார். அவருடைய சகோதரர்களும் தம் பங்குக்கு வாங்கினார்கள். ஆண்டு முடிவில் நூறு குதிரைகூட மிஞ்சவில்லை என்கிறார் போலோ. லாடம் அடிக்கவோ, நோய் பார்க்கவோ, தீனி போடவோ தெரிந்தவர்கள் இங்கே கிடையாது. குதிரை வணிகர்கள் அத்தகையோரைத் தாமும் அழைத்து வரமாட்டார்கள், பிறர் வருவதற்கும் விடமாட்டார்கள். குதிரை செத்தால்தானே மறு ஆண்டும் விற்க முடியும்? பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை என்று கணக்கைத் தூக்கிப் பிடிக்கிறார். எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பயணிகள் எக்காலத்திலும் சற்றுக் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த வணிக முறை மட்டும் நமக்கு மிகவும் பழக்கமானதாகத் தோன்றுகிறது.

2025 டிசம்பர் 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் விளையாட்டரங்கில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் குதிரைகள் நினைவுக்கு வந்தன. ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் மெஸ்ஸியைப் பார்க்கக் காத்திருந்தார்கள். மெஸ்ஸி வந்தார். அவரைச் சுற்றிப் பிரமுகர்களும் அதிகாரிகளும் காவலர்களும் மதில்போல நின்றார்கள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, மெஸ்ஸி போய்விட்டார். பிறகு நாற்காலிகள் பிய்ந்து மைதானத்தில் பறந்தன.

அதே டிசம்பரில் இந்திய சூப்பர் லீகின் அந்த ஆண்டுப் பருவம் தொடங்கவே இல்லை என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியவில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் அதன் வணிகக் கூட்டாளிக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் முடிவுக்கு வந்து, புதியது கையெழுத்தாகாமல், போட்டிகள் தள்ளிப்போய்க்கொண்டிருந்தன. ஆகஸ்டிலேயே பெங்களூரு கழகம் சம்பளங்களை நிறுத்திவைப்பதாக அறிவித்திருந்தது. நவம்பர் 18 அன்று டாக்காவில் நம் தேசிய அணி வங்கதேசத்திடம் ஒரு கோலில் தோற்றது. 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பு அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. ஆடுவதற்கு லீக் இல்லாத நாட்டில், ஆடாமல் கையசைக்க வந்த ஒருவருக்காக அரங்கம் நிரம்பியது. அயல்நாட்டு நட்சத்திரங்களைக் கொண்டுவந்து ஒரு விளையாட்டை நம்முடையதாக்கிவிட முடியுமா என்ற பழைய கேள்விக்கு இதைவிடத் துலக்கமான சான்று வேறு கிடைக்காது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்த லீக் தொடங்கியதே இந்த நம்பிக்கையில்தான். 2014இல் டெல் பியரோ டெல்லிக்கு வந்தார், த்ரெசெகே புனேவுக்கு வந்தார், ராபர்ட் பிரெஸ் கோவாவுக்கு வந்தார். சென்னைக்கு மத்தெராஸ்ஸி, ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும். (2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜிதான் தலையால் முட்டிய மார்புக்கு உரியவர் என்றுதான் நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும்.) களத்தில் ஓர் அணிக்கு ஆறு அயல்நாட்டவர் வரை ஆடலாம் என்பது அன்றைய விதி. டெல் பியரோ அந்தப் பருவம் முழுவதிலும் ஒரே ஒரு கோல் அடித்தார். அதன் பிறகு திரும்பி வரவில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. நாற்பதை எட்டிய மனிதர் வேறென்ன செய்வார்?

எலானோவின் கதை வேறு. அந்த ஆண்டு எட்டு கோல்களுடன் லீகிலேயே முதலிடம் பிடித்தார். சென்னையில் அவர் ஃப்ரீ கிக் அடிக்க நின்றால் அரங்கம் மூச்சடக்கும். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மறுநாள் வ.உ.சி. மைதானத்தில் பந்தைச் சுழற்றி அடிக்க முயன்று காலைச் சுளுக்கிக்கொண்ட பையன்களை நாம் பார்த்திருக்கிறோம். நட்சத்திரங்களால் ஒரு பயனும் இல்லை என்று சொல்வது அந்தப் பையன்களுக்குச் செய்யும் துரோகம். நல்ல ஆட்டத்தைப் பார்ப்பதும் கல்விதான். சுளுக்கிக்கொண்ட அந்தக் காலை அடுத்த நாள் எப்படி வைத்து அடிக்க வேண்டுமென்று சொல்லித்தர அங்கே யாரும் இல்லை என்பதுதான் நம் வருத்தம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழகங்கள் அயல்நாட்டவரைப் பெரும்பாலும் எந்த இடத்துக்கு வாங்குகின்றன? கோல் அடிக்கும் இடத்துக்கு. விளைவு, சுனில் சேத்ரி 2024 ஜூனில் 94 கோல்களோடு ஓய்வு பெற்றபோது அவர் இடத்தில் நிறுத்த ஆள் இல்லை. மறு ஆண்டு மார்ச்சில் நாற்பது வயதில் அவரையே திரும்ப அழைத்தார்கள். அயல்நாட்டவர் எண்ணிக்கை களத்தில் நான்காகக் குறைக்கப்பட்டது 2021இல்தான். அதற்குள் ஒரு தலைமுறை முன்கள ஆட்டக்காரர்கள் பக்கவாட்டிலும் பெஞ்சிலும் கழிந்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டிலேயே இதைவிடக் கசப்பான உதாரணம் உண்டு. சென்னை சிட்டி என்ற கழகம் 2018-19 பருவத்தில் ஐ-லீக் கோப்பையை வென்றது. பெயர் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில். ஸ்பெயினிலிருந்து வந்த நான்கு பேர் அந்த அணியின் உயிர்நாடி. பெத்ரோ மன்சி மட்டும் 21 கோல் அடித்தார். அழகான ஆட்டம் அது, மறுப்பதற்கில்லை. கோவையில் கூட்டமும் வந்தது. சில ஆண்டுகளுக்குள் ஸ்பானியர்கள் போனார்கள், கழகமும் மேல்தரப் போட்டிகளிலிருந்து காணாமற்போனது.

அமெரிக்கர்கள் இதே கேள்வியோடு அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டுகிறார்கள். 1975இல் பெலேவை நியூயார்க் காஸ்மாஸ் கழகம் வாங்கியது; இரண்டாண்டில் பெக்கன்பௌவரும் வந்து சேர்ந்தார். 1977இல் ஓர் ஆட்டத்துக்கு எழுபத்தேழாயிரம் பேர் திரண்டார்கள். 1984ஆம் ஆண்டுப் பருவத்தோடு அந்த லீகே மூடப்பட்டது. ஆனால் அந்த ஆரவாரத்துக்கு அப்பால் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கல்வி நிலையங்களில் பெண்களுக்கு வேறுபாடு காட்டக்கூடாதென்று 1972இல் வந்த சட்டத்தால் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பெண்கள் அணிகள் பெருகின. புறநகர்ப் பூங்காக்களில் குழந்தைகள் ஆடினார்கள். மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்கள் தம் ஞாயிற்றுக்கிழமைகளைப் பந்தோடு கழித்தார்கள். 1991இல் அமெரிக்கப் பெண்கள் உலகக் கோப்பையை வென்றார்கள். 1999இல் மீண்டும் வென்றபோது இறுதியாட்டத்தைத் தொண்ணூறாயிரம் பேர் பார்த்தார்கள். அவர்கள் கைதட்டிய அணி முழுக்க உள்ளூர்ப் பெண்கள். 2007இல் பெக்காமும் 2023இல் மெஸ்ஸியும் வந்திறங்கியபோது லாடம் அடிக்கத் தெரிந்தவர்கள் அங்கே முன்பே இருந்தார்கள். ஆகவே குதிரை பிழைத்தது.

வங்காளத்துக்காரர்கள் இந்த இடத்தில் சண்டைக்கு வருவார்கள். பெலே 1977 செப்டம்பரில் காஸ்மாஸ் அணியோடு வந்து ஈடன் தோட்டத்தில் மோகன் பகானோடு ஆடினார், ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. தாத்தாக்கள் அதைப் பேரன்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். உண்மை. ஆயினும் வங்காளத்துக் கால்பந்து பெலேவால் பிறந்ததன்று. 1911இல் மோகன் பகான் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவைத் தோற்கடித்துக் கேடயம் வாங்கிய நாளில் அது வேர்பிடித்துவிட்டது. அயலாரைப் பார்த்து வியந்து அல்ல, வென்று.

கொல்கத்தாவிலேயே நம் மனத்துக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று உண்டு. அலிகார் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த ஈரானிய இளைஞர்கள் மஜீத் பிஷ்கரும் ஜம்ஷித் நசீரியும் 1980இல் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு ஆட வந்தார்கள். ஜம்ஷித் அங்கேயே தங்கிவிட்டார். அவர் மகன் கியான், 2022 ஜனவரியில் கொல்கத்தாவின் இரு பெருங்கழகங்கள் மோதிய ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி மூன்று கோல் அடித்தார். அடித்தது தந்தை முன்பு ஆடிய ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக என்பது வேடிக்கை. பிற்பாடு சென்னைக்கும் வந்து ஆடினார். இதையும் அயல்நாட்டு ஆட்டக்காரரின் கொடை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இதில் விமானநிலைய மாலையும் இல்லை, இருபது நிமிடக் கையசைப்பும் இல்லை. வந்தவர் தெருவில் ஒருவராகக் கலந்தார்.

சரி, நம் ஆற்றங்கரைக்கு வருவோம்.

சங்கர் நகரில் சிமென்ட் ஆலை மைதானத்தில் 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்தன. 2023இல் இறுதியாட்டமே அங்கேதான். நெல்லை அணியும் அதில் ஆடித் தோற்றது. அந்த லீகில் அயல்நாட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. எல்லோரும் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள். கூட்டத்துக்குக் குறைவிருந்ததா என்றால் தாழையூத்துச் சாலையில் பேருந்துக்காக அன்றிரவு நின்றவர்களைத்தான் கேட்க வேண்டும். கிரிக்கெட்டை இங்கே யாரும் இறக்குமதி செய்து பரப்ப வேண்டிய தேவை இல்லை, ஆகவே அந்த ஒப்பீடு செல்லாது என்பார்கள். கபடியைச் சொன்னால் அது மண்ணின் ஆட்டம் என்பார்கள். தாமிரபரணியின் கடைமடைப் பக்கத்து மணத்தியிலிருந்து புறப்பட்டு 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்ற கணேசனின் கதை 2025இல் ‘பைசன்’ திரைப்படத்துக்குத் தூண்டுதலாகி ஊரெங்கும் பேசப்பட்டது. அதுவும் இங்கே சான்றாகாது என்று தள்ளிவிடலாம்.

அப்படியானால் கோவில்பட்டி? பழைய திருநெல்வேலி மாவட்டத்துக் கரிசல் ஊர். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர் பெற்றது. அங்கே ஹாக்கி மட்டை பிடிக்காத தெரு அரிது. இலட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு நாட்டின் பெரிய அணிகளெல்லாம் வந்து ஆடியிருக்கின்றன. அந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார். ஹாக்கி நம் பாட்டன் சொத்தா என்ன? அதுவும் வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆட்டம்தான். அங்கே அது நிலைத்ததற்குக் காரணம் எந்த ஆஸ்திரேலிய நட்சத்திரமும் அல்ல. பொட்டல் மைதானங்களில் அதிகாலையில் விசிலோடு நின்ற உடற்பயிற்சி ஆசிரியர்களும், சிறுசிறு சங்கங்களும், அண்ணன் விட்ட மட்டையைத் தம்பி எடுத்துக்கொண்ட வழக்கமும்தான்.

கால்பந்துக்கும் இப்படி ஓர் ஊர் நம்மிடம் உண்டு. போலோ பார்த்த துறைமுகத்தின் நினைவாக எஞ்சியிருக்கும் பழையகாயலுக்குத் தெற்கே, கடலோரத்தில், காயல்பட்டினம். அங்கே ஐக்கிய விளையாட்டுச் சங்கம் என்ற அமைப்பு மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுச் சுழற்கோப்பைக்கான அகில இந்தியக் கால்பந்துப் போட்டியைப் பல பத்தாண்டுகளாகக் கோடைதோறும் நடத்தி வந்திருக்கிறது. வெளிமாநில அணிகள் வந்து ஊரில் தங்கி ஆடுகின்றன. மாலை வெயில் தணியும் நேரத்தில் ஊரே மைதானத்துக்கு நகர்வதை நாம் கண்டிருக்கிறோம். கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் விடுமுறைக்கு வந்து, சிறுவயதில் உட்கார்ந்த அதே வரிசையில் உட்கார்ந்து, இன்றைய அணியை அன்றைய அணியோடு ஒப்பிட்டுத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தத் திட்டைக் கேட்டாலே ஆட்டம் இங்கே வேரூன்றியிருப்பது தெரிந்துவிடும். நட்சத்திரத்தை யாரும் திட்டுவதில்லை, படம் பிடித்துக்கொள்கிறார்கள், திட்டுவது சொந்தக்காரனைத்தான்.

இந்தப் பட்டியலில் பாளையங்கோட்டையையும் சேர்க்க ஆசைதான். பள்ளிகளும் கல்லூரிகளும் நெருங்கி நிற்கும் ஊர். பாதிரிமார் நடத்திய பள்ளிகளில் பெரிய மைதானங்கள் இருந்தன. நாம் படித்த பள்ளியிலும் (பெயர் வேண்டாம்) ஒரு கால்பந்து மைதானம் இருந்தது. முதலில் அதன் ஒரு மூலையில் வகுப்பறைக் கட்டடம் வந்தது. பிறகு கோல் கம்பத்தருகே வாகன நிறுத்தம். விளையாட்டு வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கினார். இன்றுவரை திருப்பித் தரவில்லை. நம்மோடு படித்தவர்களின் பிள்ளைகள் இன்று மெஸ்ஸி பெயர் போட்ட சட்டையும் ரொனால்டோ பெயர் போட்ட சட்டையும் அணிந்து டியூஷனுக்குப் போகிறார்கள். யார் பெரியவர் என்று இரவெல்லாம் வாதாடுகிறார்கள். பந்தை உதைத்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்து இளைஞர் ஒருவரை நமக்குத் தெரியும். பள்ளி நாட்களில் அவர் அடித்த கோல்களை எண்ணி வைத்தவர் இல்லை. சென்னையில் ஒரு கழகத்தின் தேர்வுக்குப் போனார். இரண்டு நாள் ஓடவிட்டார்கள். நன்றாக ஆடுகிறாய், ஆனால் முன்களத்துக்கு எங்களுக்கு வெளியிலிருந்து ஆள் வருகிறார்கள், தடுப்பாட்டம் ஆடுவாயா என்று கேட்டார்கள். பழகிப் பார்க்கிறேன் என்றாராம். பிறகு அழைப்பு வரவில்லை. இப்போது கைபேசிக் கடையில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுவர் போட்டிகளுக்குப் போய் ஆடிப் பரிசுப்பணம் வாங்கிவருகிறார்.

அந்தப் பணத்தில் பந்து வாங்கி, அறுவடை முடிந்த வயலில் ஊர்ப் பிள்ளைகள் இருபது பேருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறார். அவரைச் சென்ற முறை பார்த்தபோது மெஸ்ஸி கொல்கத்தா வந்ததைப் பற்றிக் கேட்டோம். நேரலையில் பார்த்தாராம். அதைப் பற்றி மேற்கொண்டு பேச அவருக்கு விருப்பமில்லை. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் வயலில் நடவு தொடங்கிவிடும், அதன் பிறகு பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது கேட்டுச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.