நன்றி: கூகுள்

2019இல் தூத்துக்குடி அருகே ஓர் உப்பளத்தில் ஒரு படம் எடுத்தேன். ஆய்வுக்காக மூன்று மாதங்கள் போய்வந்துகொண்டிருந்த இடம் அது. அறுபதைக் கடந்த ஒரு பெண் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருக்கிறார். முதுகு மட்டும்தான் தெரியும். "மூஞ்சி வேண்டாம் தம்பி. கூலி பத்தலன்னு எழுதுறதுக்குன்னா முதுகப் போட்டுக்க" என்றார். அந்த நிபந்தனையோடுதான் படம் என் வலைப்பூவில் வந்தது. மழை மாதங்களில் வேலை நின்றுபோனால் குடும்பம் எப்படி ஓடுகிறது, கூலி உயர்வு ஏன் தள்ளிக்கொண்டே போகிறது என்று அவர் சொன்ன கணக்கைப் படத்தின் கீழே எழுதியிருந்தேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்தார். ஒரு யூடியூப் சேனலின் முகப்புப் படமாக அதே முதுகு. ஓரத்தில் இருந்த என் பெயரை வெட்டியிருந்தார்கள். மேலே சிவப்பு எழுத்தில், பிள்ளைகள் கைவிட்ட தாய் என்று தலைப்பு. கீழே உதவி கேட்டு ஒரு வங்கிக் கணக்கு எண். முகம் தெரியாவிட்டால் என்ன, அந்தச் சேலையையும் அந்தப் பாத்தியையும் ஊருக்கே தெரியும். "எங்கம்மா கூலிதான் தம்பி கேட்டாங்க. பிச்சை கேக்கல" என்றார். என்னிடம் பதில் இல்லை.

வலைப்பதிவர்களின் படத்தையும் எழுத்தையும் எடுத்துக்கொள்வதைப் பெரும்பாலும் ஒரு சில்லறைத் தகராறாகவே பார்க்கிறோம். 'இணையத்தில் போட்டுவிட்டால் எல்லாருக்கும் பொதுதானே, இதனால் உனக்கென்ன நட்டம்?' என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

முதல் பிழை சட்டம் பற்றியது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்தவரே அதன் ஆசிரியர். படம் எடுத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. விமர்சனம், ஆய்வு, நடப்புச் செய்தி போன்றவற்றுக்கு நியாயமான அளவில் எடுத்தாள 52ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் 57ஆவது பிரிவு, படைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும், தன் மதிப்பைக் குலைக்கும்படி அதைத் திரிப்பதை எதிர்க்கும் உரிமையையும் ஆசிரியருக்குத் தருகிறது. பதிப்புரிமையை வேறொருவருக்கு விற்றுவிட்டாலும் இந்த உரிமை போவதில்லை. தெரிந்தே மீறினால் 63ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தப் பாடம் நீதிமன்றத்தில்தான் கிடைத்தது. 2010 ஜனவரியில் ஹைட்டியை நிலநடுக்கம் தாக்கியபோது அங்கே இருந்த புகைப்படக்காரர் டேனியல் மோரெல், தன் படங்களை ட்விட்டர் வழியே வெளியிட்டார். இன்னொருவர் அவற்றைத் தன் படங்களைப் போலப் போட்டுக்கொள்ள, ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அங்கிருந்து எடுத்து கெட்டி நிறுவனம் மூலம் உலகெங்கும் விநியோகித்தது. ட்விட்டரில் போட்டதால் எவரும் பயன்படுத்தலாம் என்ற வாதத்தை நியூயார்க் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013இல் எட்டுப் படங்களுக்காக 12 லட்சம் டாலருக்கு மேல் தரும்படி தீர்ப்பானது. மோரெலுக்கு வழக்கறிஞர் வைத்துப் போராட முடிந்தது. நம் ஊர் வலைப்பதிவருக்கு அது எளிதா?

இரண்டாவது பிழை, நட்டம் என்றாலே பணம் என்று நினைப்பது. என் படத்தால் அந்தச் சேனல் சம்பாதித்தது எனக்குச் சிறிய நட்டம். உரிமை கேட்ட ஒரு தொழிலாளியை இரக்கத்துக்குரிய அநாதையாக மாற்றியதுதான் பெரிய நட்டம். படத்திலிருந்து பெயரை வெட்டும்போது அது எங்கே, எதற்காக, யாருடைய சம்மதத்தோடு எடுக்கப்பட்டது என்ற தகவலும் சேர்ந்தே வெட்டுப்படுகிறது. அதன்பின் அந்த உடலின்மேல் எவரும் எந்தக் கதையையும் எழுதலாம்.

இங்கே தோழர்கள் சிலர் ஒரு நியாயமான கேள்வி எழுப்பக்கூடும். 'குடி அரசு' எழுத்துகளைத் தொகுத்து வெளியிடத் தடை கேட்டபோது, பெரியார் எல்லாருக்கும் பொது என்று வாதிட்டவர்கள்தானே நாம்? 2009இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தபோது மகிழ்ந்தவர்கள்தானே? ஆம். இன்றும் அதே நிலைப்பாடுதான். கருத்து பரவ வேண்டும். ஆனால் அந்தத் தொகுப்புகளிலிருந்து பெரியாரின் பெயரை யாரும் அழிக்கவில்லை. அவர் சொன்னதைத் தலைகீழாக மாற்றி விற்கவும் இல்லை. பரப்புவது வேறு, பறிப்பது வேறு.

உழைப்பு ஒருவருடையது, பெயர் இன்னொருவருக்கு என்பது நமக்குப் புதிதும் அல்ல. 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலை எழுதிப் பாடிய அறிவு இல்லாமல் 2021இல் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டை வந்தபோது நாம் கொதித்தோம். பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். அந்தக் கோபம் சரி. ஆனால் அதே கையால் நாம் என்ன செய்கிறோம்? நினைவுநாள் சுவரொட்டிக்கு யாரோ எடுத்த படத்தை இறக்கிக்கொள்கிறோம். யாரோ எழுதிய பத்தியைப் 'படித்ததில் பிடித்தது' என்று வாட்ஸ்அப்பில் தள்ளுகிறோம். நம் சிற்றிதழ்களிலேயே 'நன்றி: இணையம்', 'நன்றி: கூகுள்' என்று அச்சாகிறது. கூகுள் எந்த உப்பளத்தில் போய் நின்று படம் எடுத்தது?

எழுதுகிறவர்கள் சில வேலைகளை வழக்கமாக்கிக்கொள்ளலாம். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்; எடுத்த நாளும் கருவியும் அதில் பதிந்திருக்கும். சமூக ஊடகத்தில் ஏற்றும்போது அந்தத் தகவல் பெரும்பாலும் நீங்கிவிடும். அவ்வப்போது உங்கள் படத்தைக் கொண்டே தேடிப் பாருங்கள். திருட்டு கண்ணில் பட்டால் சண்டைக்குப் போகும் முன் முகவரியும் தேதியும் தெரியத் திரைப்பிடிப்பு எடுத்துவிட்டு, அந்தத் தளத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

இயக்கமாக நாம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. கேட்டு எடுப்போம், பெயர் போடுவோம், காசு இருந்தால் கொடுப்போம். யார் எடுத்தது என்று தெரியாத படம் இல்லாமலும் கட்டுரை நிற்கும்.

புகாருக்குப் பின் அந்தக் காணொளி நீங்கியது. மன்னிப்புக் கேட்க ஊருக்குப் போனேன். அந்தப் பெண் உப்பு வாரிக்கொண்டேதான் பேசினார். "படத்தத் திருடுனவன் நான் சொன்ன கூலிக் கணக்கையும் திருடிப் போட்டிருக்கலாம்ல தம்பி? நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.